சுகர் மாத்திரைச் செலவைக் குறைக்க என்ன வழி? வட சென்னை வாசகிக்கு ஒரு மருத்துவரின் பதில்

பெயரையும் தெருவையும் குறிப்பிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் பெரம்பூர்ப் பகுதியிலிருந்து 54 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம் இது. அவருடைய கணவருக்கு வயது 60. பதினொரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும், அதற்குப் பின் வந்த இரத்த அழுத்தமும் இருக்கின்றன. தனியார் நிறுவனத்தில் காவலாளியாக இருந்தவர் முழங்கால் வலி தாங்காமல் சென்ற ஆண்டு வேலையை விட்டுவிட்டார். வைப்புநிதி ஓய்வூதியமாக மாதம் 2,100 ரூபாய் வருகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 19,500 ரூபாய் சம்பளத்துக்குப் போகும், இன்னும் திருமணமாகாத மகனின் வருமானத்தில்தான் குடும்பம் நடக்கிறது.

வாடகையும் மளிகையும் போக மருந்துக்கு மிஞ்சுவது குறைவு என்பதால், எட்டு மாதங்களாகக் கணவருக்குத் தெரியாமல் இவரே மாத்திரைகளைக் குறைத்துவிட்டார். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை அரிவாள்மனையில் இரண்டாக நறுக்கி அரையரையாகத் தருகிறார். இன்னொரு சர்க்கரை மாத்திரையான கிளிமிபிரைடு இரவு வேளைக்குக் கிடையாது. இரத்த அழுத்த மாத்திரையான டெல்மிசார்டன் ஒரு நாள் விட்டு ஒரு நாள். "கையில் எதை வைத்தாலும் பார்க்காமல் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிடுவார்" என்று எழுதுகிறார். மூன்று மாதங்களுக்கு முன் எடுத்த பரிசோதனையில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.4 என்று வந்தது. மருத்துவர் எம்பாகிளிஃப்ளோசின் என்ற புதிய மாத்திரை ஒன்றைச் சேர்த்தார். மாத மருந்துச் செலவு 2,400 ரூபாயிலிருந்து 4,200 ரூபாய்க்கு ஏறிவிட்டது.

அவர் கேட்பவை: முதல்வர் மருந்தகத்தில் கிடைக்கும் மலிவு மாத்திரையை நம்பலாமா, அது டூப்ளிகேட் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்களே? சர்க்கரை மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்பதால் குறைத்தது ஒருவகையில் நல்லதுதானே? 90 நாளில் சர்க்கரையை அடியோடு விரட்டும் என்று உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய 1,500 ரூபாய்ப் பொடியை வாங்கலாமா? ஆண்டுக்கு 28,000 ரூபாய் கட்டி மருத்துவக் காப்பீடு எடுத்தால் இந்தச் செலவு தீருமா? செய்ததைக் கணவரிடம் சொல்லத்தான் வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியைத்தான் நீங்கள் ஒரே வரியில், கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் பணச் சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சராசரி 9.4 என்ற தாளைப் பார்த்த உங்கள் மருத்துவருக்கு, எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் ஏறக்குறையப் பாதிதான் உள்ளே போகிறது என்பது தெரியாது. முழு அளவு சாப்பிட்டும் சர்க்கரை இறங்கவில்லை, பழைய மருந்துகள் இவருக்குப் போதவில்லை என்ற முடிவுக்கே அவர் வந்திருப்பார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன். மாதம் ஐந்நூறோ அறுநூறோ மிச்சம் பிடிப்பதற்காக நீங்கள் குறைத்தது, 1,800 ரூபாய் மருந்தாகத் திரும்பி வந்திருக்கிறது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. செலவுக்குப் பயந்து மாத்திரையைக் குறைத்துவிட்டு அதை மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பவர்கள் என் அறைக்குள்ளும் வருகிறார்கள். சொன்னால் திட்டுவார் என்ற பயம் அவர்களுக்கு இருப்பதில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் இந்த உண்மையை உங்கள் மருத்துவர் அறியாத வரையில், அவர் எழுதும் ஒவ்வொரு சீட்டும் தவறான கணக்கின் மேல்தான் எழுதப்படும்.

அரை மாத்திரையும் கிட்னி பயமும்

உங்கள் கணவருக்கு எழுதியிருப்பது எஸ்.ஆர். என்ற எழுத்துகளோடு வரும் மெட்ஃபார்மின். மருந்து வயிற்றிலும் குடலிலும் பல மணி நேரம் மெல்ல மெல்லக் கசியும்படி செய்யப்பட்ட மாத்திரை அது. நடுவில் பிளவுக்கோடு போட்டுத் தயாரித்திருந்தால் ஒழிய அதை நறுக்கக் கூடாது; நறுக்கினால் அந்த அமைப்பு கெட்டு, உள்ளிருக்கும் மருந்து சீக்கிரமே வெளியேறிவிடும். அவருக்கு அண்மையில் வரும் வயிற்றுப் புரட்டலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கும் டெல்மிசார்டன் ஏறக்குறைய ஒரு நாளுக்குக் காவல் நிற்கும் மருந்து. கொடுக்காத நாளில் அழுத்தம் மெல்ல ஏறுவதை அவரால் உணர முடியாது; இரத்த அழுத்தம் வலிக்காது என்பதுதான் அதிலுள்ள வில்லங்கம்.

சர்க்கரை மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற நம்பிக்கை சென்னையில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. சிறுநீரகம் பலவீனப்பட்டவர்களுக்கு நாங்கள் மெட்ஃபார்மினின் அளவைக் குறைக்கிறோம், மிகவும் பலவீனப்பட்டால் நிறுத்தியே விடுகிறோம். அதைப் பார்ப்பவர்கள் மாத்திரைதான் கெடுத்தது என்று எண்ணிவிடுகிறார்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பவை கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் அழுத்தமும்தான்; மெட்ஃபார்மின் சிறுநீர் வழியே வெளியேறும் மருந்து என்பதால், ஏற்கெனவே கெட்டுப்போன சிறுநீரகத்தில் அது உடம்பில் தேங்கும் என்றுதான் குறைக்கிறோம். டெல்மிசார்டனோ சிறுநீரில் புரதம் கசிவதைக் குறைத்துச் சிறுநீரகத்துக்குக் காவலாகவே இருப்பது. அதைத்தான் நீங்கள் நாள் விட்டு நாள் கொடுத்துவருகிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் உண்மையிலேயே சிறுநீரகத்துக்கு ஆபத்தான ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் போகிற போக்கில், மூன்றாம் பக்கத்தின் அடியில் எழுதியிருக்கிறீர்கள். முழங்கால் வலிக்காகக் கடையில் கேட்டு வாங்கி, வாரத்தில் நான்கைந்து நாள் அவர் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபெனாக் மாத்திரைதான் அது. நீண்ட நாள் சர்க்கரை நோயும், டெல்மிசார்டனும், சிறுநீரை அதிகமாக்கும் எம்பாகிளிஃப்ளோசினும் சேர்ந்த உடம்பில் இந்த வகை வலி நிவாரணிகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடும். சித்திரை வெயிலில் தண்ணீரும் குறைவாகக் குடித்தால் ஆபத்து இன்னும் கூடும். அதை இன்றே நிறுத்துங்கள். வலி அதிகமாக இருக்கும் நாளில் பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்த கிரியேட்டினின், சிறுநீர் ஆல்புமின் ஆகிய இரண்டு பரிசோதனைகளையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் இவற்றுக்குப் பணம் தேவையில்லை.

மலிவு மருந்தை நம்பலாமா?

மருந்தின் விலைக்கும் அதன் வீரியத்துக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. புதிதாக ஒரு மூலக்கூறைக் கண்டுபிடித்த நிறுவனத்துக்கு நம் நாட்டில் 20 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. அதுவரை அவர்கள் வைத்ததே விலை. காப்புரிமை முடிந்தவுடன் பல நிறுவனங்கள் அதே மருந்தைத் தயாரிக்கின்றன, விலை இறங்குகிறது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டெல்மிசார்டன், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் எல்லாம் அந்தக் காலத்தைக் கடந்து நெடுநாளான மருந்துகள். உங்கள் கணவருக்குச் சேர்த்த எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமையும் இந்தியாவில் 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது. மாத்திரை ஒன்று 60 ரூபாயை ஒட்டி விற்ற அந்த மருந்து, அதன்பின் பத்து ரூபாய்ச் சுற்றுவட்டாரத்திலும் பல பெயர்களில் வந்துவிட்டது. நீங்கள் கொடுக்கும் 1,800 ரூபாய் பழைய முதல் பிராண்டின் விலை. சீட்டில் அந்தப் பெயரை எழுதியிருப்பதால் கடைக்காரர் அதையே தருகிறார். அதில் அவர் மேல் தப்பில்லை. மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய ஷெட்யூல் எச் மருந்துகளில் எழுதியதை விட்டு வேறொன்றைத் தானாக மாற்றிக் கொடுக்கச் சட்டம் அவரை அனுமதிப்பதில்லை. மாற்ற வேண்டியவர் மருத்துவர்.

ஒரே மருந்துக்குள் இவ்வளவு விலை வேறுபாடு ஏன் என்று கேட்பீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2023-ல் வெளியான இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது. ஆயுள் முழுவதும் தினமும் வாங்க வேண்டிய பொருளுக்குப் பத்துக் கோடி வாடிக்கையாளர்கள் என்றால் போட்டியின் அளவை யோசித்துப் பாருங்கள். தோல்பையோடு எங்கள் காத்திருப்பு அறையில் நோயாளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மெடிக்கல் ரெப்களின் சம்பளமும் பயணச் செலவும் அந்த அட்டையின் விலையில்தான் ஏறுகின்றன.

இருமல் மருந்துச் செய்தியைப் படித்துப் பயந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு ஆய்வகத்தின் சோதனையில் அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது தெரியவந்தது. உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அது பிராண்டு பெயரோடு, மருத்துவர் சீட்டின் பேரில் விற்ற மருந்து என்பதையும் கவனியுங்கள். கண்காணிப்பு தளர்ந்தால் எந்த விலை மருந்தும் கெட்டதாகலாம். ஆகவே பார்க்க வேண்டியது, விற்பனைக்கு வருமுன் யார் சோதிக்கிறார்கள் என்பதை. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கப்பட்டது. அதன் கிடங்குக்கு வரும் மருந்துத் தொகுதிகளிலிருந்து (பேட்ச்) மாதிரி எடுத்து, தயாரித்தவரின் பெயரை மறைத்து, குறியீட்டு எண்ணோடு ஆய்வகங்களுக்கு அனுப்பித் தேறியதைத்தான் விநியோகிக்கிறார்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களுக்கு வரும் மருந்துகளும் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகங்களில் தொகுதிவாரியாகச் சோதிக்கப்படுகின்றன. 2025 பிப்ரவரியில் ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களைக் கூட்டுறவுச் சங்கங்களும் மருந்தாளுநர் பட்டம் அல்லது பட்டயம் பெற்றவர்களும் நடத்துகிறார்கள். அவை ஒழுங்கான உரிமத்தோடு நடக்கும் கடைகள். எங்கு வாங்கினாலும் பில் கேளுங்கள். அட்டையில் வேதிப்பெயரும் (பிராண்டு பெயரல்ல, உள்ளிருக்கும் மருந்தின் பெயர்), மில்லிகிராம் அளவும், தொகுதி எண்ணும், காலாவதி நாளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேதிப்பெயரும் மில்லிகிராமும் சீட்டோடு ஒத்துப்போனால், அட்டையின் நிறம் மாறியதற்காகக் கலங்க வேண்டாம்.

தைராய்டு, வலிப்பு, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற சில மருந்துகளில் மட்டும் அடிக்கடி தயாரிப்பை மாற்றாமல் ஒன்றையே தொடர்வது நல்லது. உங்கள் கணவரின் சீட்டில் அப்படி ஏதும் இல்லை.

பழைய மலிவு மருந்து பயன் தருமா என்ற ஐயம் இன்னும் இருந்தால் ஒன்று சொல்கிறேன். பிரிட்டனில் 1977-ல் தொடங்கி 1998-ல் முடிவை வெளியிட்ட பெரிய நீரிழிவு ஆய்வில், சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண் இரத்தக் குழாய் பாதிப்புகள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. அன்று அவர்கள் கொடுத்தவை கிளிமிபிரைடின் மூத்த உறவுகளும், மெட்ஃபார்மினும், இன்சுலினும்தான். இன்று அவை மருந்துக்கடையின் மிக மலிவான தட்டில் இருக்கின்றன.

சீட்டைத் திருத்தி எழுதக் கேளுங்கள்

நீங்கள் அனுப்பிய சீட்டின் நகலில், இன்றியமையாத மருந்துகளோடு ஒரு விட்டமின் – ஆன்டிஆக்சிடன்ட் கேப்சூலும், காலை வெறும் வயிற்றில் போடும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டொப்பிரசோலும் இருக்கின்றன. இவ்விரண்டும் மாதம் ஏறக்குறைய 600 ரூபாய். குறைத்தே ஆக வேண்டும் என்றால் இவற்றைத் தொடர வேண்டுமா என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நீங்களோ உயிர் காக்கும் மாத்திரைகளைக் குறைத்துவிட்டு, பளபளக்கும் கேப்சூலை ஒரு நாளும் தவறாமல் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு விதிவிலக்கு உண்டு: பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம், கால் எரிச்சல், மதமதப்பு இருந்தால் அதைச் சோதித்துவிட்டு, குறைந்திருந்தால் பி12 மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். மற்றவற்றை வேதிப்பெயரில், பெரிய எழுத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள். அப்படி எழுதச் சொல்லும் ஒழுங்குமுறை 2016 முதல் இருக்கிறது. கேட்பதற்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

எம்பாகிளிஃப்ளோசின் நல்ல மருந்து. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது தரும் பாதுகாப்புக்கு வலுவான சான்று உண்டு. உண்மை தெரிந்த பின் அது இன்னும் வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த விலையில் என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். அதைச் சாப்பிடும் வரை பிறப்புறுப்பில் அரிப்பு வந்தால் சொல்ல வேண்டும்; வாந்தி பேதியோ பட்டினியோ இருக்கும் நாளில் அதைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மகனின் சம்பளச் சீட்டைப் பாருங்கள்

உங்கள் கடிதம் முழுவதிலும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் பெயரே இல்லை. 2017 ஜனவரி முதல் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளர்கள் அந்தக் காப்பீட்டின் கீழ் வருகிறார்கள். உங்கள் மகனின் சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது 146 ரூபாய் சொச்சம், மாதந்தோறும் பிடித்தம் ஆகிறதா என்று சம்பளச் சீட்டில் பார்க்கச் சொல்லுங்கள். நிறுவனம் தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறது. பிடித்தம் இருந்தால், அவரைச் சார்ந்து வாழும், குறிப்பிட்ட வரம்புக்குக் கீழ் வருமானம் உள்ள பெற்றோருக்கும் சிகிச்சை உரிமை உண்டு. மாதாமாதம் சாப்பிடும் மருந்தும் அதில் அடக்கம். 2,100 ரூபாய் ஓய்வூதியம் அந்த வரம்புக்குள் அடங்கும். குடும்ப விவரத்தில் உங்கள் இருவர் பெயரும் ஆதாரோடு சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் திருமணமாகாத இளைஞர்கள் இதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் கேட்டுச் சேர்த்துவிட்டு, உங்கள் வீட்டுக்குரிய இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் பதிந்துகொள்ளுங்கள். மேல் சிகிச்சைக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். பிடித்தமே இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்கும் உரிமை மகனுக்கு இருக்கிறது.

அது கைகூடும் வரை, உங்கள் வட்டத்தின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொண்டால் சர்க்கரை, அழுத்தம் இரண்டுக்கும் அடிப்படை மாத்திரைகள் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே மாத்திரை வருகிறது. முழங்கால் வலியோடு இருக்கும் உங்கள் கணவருக்காகக் கேட்டுப் பார்க்கலாம். கண் பரிசோதனைக்கு ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. காத்திருக்கும் நேரம் ஒரு செலவுதான், மறுக்கவில்லை.

தனியார் காப்பீடு உங்கள் மாத மருந்துச் செலவுக்கு விடை ஆகாது. அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு 36 மாதங்கள் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்றாலும், 28,000 ரூபாய் உங்கள் வீட்டுக்கு ஒன்றரை மாதச் சம்பளம். எடுப்பதாக இருந்தால் சர்க்கரை நோயை மறைக்கச் சொல்லும் ஏஜென்டின் பேச்சைக் கேட்காதீர்கள். மறைத்தால் பின்னால் பணம் மறுக்கப்படும். முதல்வரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மகனின் சம்பளமே 2,34,000 ஆகிறது என்பதால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

பொடியை வாங்காதீர்கள். நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்படி விற்கும் பொடிகளில் அலோபதி சர்க்கரை மாத்திரையையே அரைத்துக் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை அங்கும் காட்டுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது

இதைப் படித்த கையோடு இன்றிரவே எல்லா மாத்திரைகளையும் முழு அளவில் கொடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். பாதி அளவுக்குப் பழகிய உடம்புக்கு, அந்தப் பாதியை முழுமை என்று நம்பிக் கூடுதலாக எழுதிய மருந்தோடு, கிளிமிபிரைடும் இரண்டு வேளையாகச் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடலாம். இந்த வாரத்துக்குள் கணவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், உண்மையில் எது எவ்வளவு உள்ளே போனது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். போவதற்கு முன் கணவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். மருத்துவர் அறையில் முதன்முறையாகக் கேள்விப்படுவது அவருக்கு வலிக்கும். பணம் போதாமல் செய்தேன் என்பதைச் சொல்வதில் உங்களுக்கு அவமானம் இல்லை. தன் மருந்தைத் தானே எண்ணிப் போட்டுக்கொள்ளும் பொறுப்பையும் அவர் இனி ஏற்றுக்கொள்ளட்டும்.

அளவை மாற்றும் முதல் சில வாரங்களில் அவருக்குத் திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் வந்தால் அது தாழ் சர்க்கரையாக இருக்கலாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்த பின் சாப்பாடு கொடுங்கள். கிளிமிபிரைடு போட்டுவிட்டு உணவைத் தள்ளிப்போட அவரை விடாதீர்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.